பெருஞ்சிறகனைக் கண்டவர்கள்

ரொட்டிக்காரனும் அவன் மனைவியும் அந்தத் தீவுக்குக் குடிவந்த புதிதில், ஊர்க்காரர்கள் பேசுவதில் பாதி புரியாமல் விழித்தார்கள். மொழி ஒன்றுதான். ஆனால் அங்கே யாரும் நோய் வந்த கதையை நோயிலிருந்து ஆரம்பிப்பதில்லை. எதிர்க்கடைச் சோடாக்காரர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றிச் சொல்லவந்தால், "நான் பெருஞ்சிறகனைப் பார்த்தேனே, அந்த வருஷம்..." என்றுதான் தொடங்குவார். பக்கத்து வீட்டு வலைக்காரி, கால்விரலில் நூலை மாட்டி வலை பின்னிக்கொண்டே தன் மூத்த மகள் பிறந்த கதையைச் சொன்னாள்.

"இவ பொறந்தப்போ பெருஞ்சிறகன் ரொம்பத் தாழ்வாப் பறந்துச்சு அண்ணே. தலைப்பிரசவம் பாருங்க, உசிரு கையில இல்ல."

"எதுக்குப் பயந்தே? பறவைக்கா, பிரசவத்துக்கா?" என்று கேட்டாள் ரொட்டிக்காரன் மனைவி.

"இங்க ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி."

சோடாக்காரர்தான் விளக்கம் சொன்னார். எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் உடைந்து, அதன் கணக்கப்பிள்ளை மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீவில் கரையேறினான். குடிக்கத் தண்ணீரில்லாமல் பாறை மேல் கிடந்தவனுக்குப் பாய்மரத்தைவிடப் பெரிய இறக்கைகளுடன் ஏதோ ஒன்று தலைக்கு மேல் பறப்பதாகத் தெரிந்தது. பிழைத்துப்போனவன் அதை எழுதிவைத்தான். பல தலைமுறை கழித்து, கடல் காற்று வாங்கவந்த ஒரு மந்திரி அதைப் படித்து நெகிழ்ந்து, 'பெருஞ்சிறகன் நேர்காட்சி ஆணையம்' என்று ஒன்றை அமைத்துவிட்டுப் போனார். மந்திரி ஊர் திரும்பியதும் மறந்துவிட்டார். ஆணையத்துக்கு மறக்க வழியில்லை. மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

தீவில் சிமெண்டுக் கூரை போட்ட ஒரே கட்டடம் அதுதான். மேட்டின் மேல் சொந்த ஜெனரேட்டரோடு நின்றது. வாசலில் பிளாஸ்டரில் செய்த ஒற்றைச் சிறகு கம்பியில் தொங்கும். கீழே கடைத்தெருவில் முன்பு ஒரு மருந்தகம் இருந்தது. அதன் கம்பவுண்டர் ஓய்வுபெற்றுப் போனபிறகு ஆணையம் அந்த அறையை எடுத்துக்கொண்டது. நோயாளிகள் படுத்த கட்டிலில் இப்போது பெருஞ்சிறகனின் பிளாஸ்டர் நகங்கள் அளவுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

ஆணையத்திடம் ஒரு படகு இருந்தது. இரட்டை எஞ்சின் வைத்த வெள்ளைப் படகு. மீனவர்களின் சின்னப் படகுகள் தாண்டமுடியாத நீரோட்டத்தை அது வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் தாண்டும். பெருஞ்சிறகனைக் கண்டவர் எவரானாலும், உடனே அவரை ஒரு துணையோடு அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கண்ணும் மனமும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும் என்பது விதி. சாட்சியோ துணையோ அல்லாதவர் அந்தப் படகில் கால்வைக்கக் கூடாது என்பதும் விதி.

"அதனால தம்பி, இங்க உடம்புக்கு முடியலேன்னா முதல்ல வானத்தைப் பார்க்கணும்," என்று முடித்தார் சோடாக்காரர்.

"நிஜமா யாராவது பார்த்திருக்காங்களா ஐயா?"

"கல்லு வலி வந்தப்போ எனக்கு என்னென்னமோ தெரிஞ்சுது. அது இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது?"

அப்போதிருந்த பதிவாளர் ஓய்வுபெறப் போகிற மனிதர், தூக்கப் பிரியர். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தால், நாற்காலியில் சாய்ந்தபடியே "இறக்கை எத்தனை?" என்பார். "ரெண்டு" என்றால் "ஏறு" என்பார். இப்படியே தீவு பிழைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் பிறந்தன, குடல்வால்கள் அறுக்கப்பட்டன, எலும்புகள் கூடின. ஆணையத்தின் அலமாரிகளில் நேர்காட்சிகள் நிரம்பின.

ரொட்டிக்காரனுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பொய் அவன் வாயில் நிற்காது. கடையில் யாராவது "இது இன்னைக்குச் சுட்டதா?" என்று கேட்டால், "நேத்து சாயங்காலம் போட்டது, கொஞ்சம் விறைச்சிருக்கும்" என்று சொல்லி வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் கல்லாவில் அவன் மனைவிதான் உட்காருவாள். அவள் நேற்றைய ரொட்டியைக் கையில் எடுத்து, லேசாக ஊதி, சூடு தாங்காதவள் போல விரலை உதறி நீட்டுவாள். வாங்குகிறவர்களும் ஊதிக்கொண்டே வாங்கிப்போவார்கள்.

"உங்களை வச்சுக்கிட்டு ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடியல. எதிர்ல வந்து நின்னு முழிக்கிறீங்க," என்று அவனை உள்ளே விரட்டுவாள். அடுப்படியிலிருந்து அவன் சிரிப்பது கேட்கும்.

இந்த நிலைமையில்தான் பழைய பதிவாளர் ஓய்வுபெற்றார், தலைநகரிலிருந்து ஒரு புதிய பதிவாளரோடு புதிய தலைவர் வந்தார். படித்தவர், நேர்மையானவர், கை சுத்தமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். தீவுக்கு நேர்ந்த கெடுதலே அதுதான்.

பதவியேற்ற அன்று தீவையே கூட்டி வைத்துப் பேசினார். டீயும் ரொட்டியும் உண்டு என்றதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

"அன்பான நேர்காட்சியாளர்களே! ஆணையத்தின் அத்தனை பதிவுகளையும் நான் படித்துவிட்டேன். என் ஆய்வு முடிவுகள் வியப்பானவை. பெருஞ்சிறகன் நிறைமாதக் கர்ப்பிணிகளின் கண்ணில்தான் அதிகமாகப் படுகிறது. ஆகவே அது தாய்மையைப் போற்றும் உயிரினம். காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில் அடிக்கடி வருகிறது. ஆகவே அது ஈரத்தை விரும்புகிறது. பல்வலிக்காரர்களிடம் அதற்குத் தனிப் பிரியம் இருக்கிறது. காரணத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறேன்."

சோடாக்காரர் எழுந்தார். "ஐயா, இதுக்கெல்லாம் பதிலா இங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரி வச்சுட்டா..."

தலைவர் பதறிப்போனார். "வேண்டவே வேண்டாம்! பக்கத்துத் தீவில் அந்தத் தவறைத்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அங்கே ஒருவர் கண்ணிலும் பெருஞ்சிறகன் படவில்லை. மருந்து வாடை அதற்கு ஆகாது என்பது புள்ளிவிவரத்தோடு நிரூபணமாகிவிட்டது. நான் இருக்கும்வரை இந்தத் தீவுக்கு அப்படி ஒரு அழிவு வர விடமாட்டேன்."

கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் தொடர்ந்தார். பொய்ச் சாட்சிகள் புகுந்திருக்கலாம் என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆகவே இனிமேல் ஒவ்வொரு நேர்காட்சியும் முறையாகச் சோதிக்கப்படும். ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் பெருஞ்சிறகனைப் பார்க்க முடியும். இரண்டாம் முறை பார்ப்பவர் பேராசைக்காரர் என்று கருதப்படுவார்.

தீவில் அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள். வீடு திரும்பும்போது சோடாக்காரர், "அப்போ ரெண்டாவது கல்லு எனக்கு வரக்கூடாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் ரொட்டிக்காரன் மனைவி கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே வந்து, மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். வலது அடிவயிற்றில் சுருக்கென்று குத்துகிறது என்றாள். வாந்தி எடுத்தாள். வெந்நீர் குடித்தாள், அதையும் எடுத்தாள். மதியத்துக்குள் காலை நீட்டிப் படுக்க முடியாமல் சுருண்டுகிடந்தாள். உடம்பு ரொட்டித் தட்டு போலக் கொதித்தது.

வலைக்காரி ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, ஏன் நிக்கிறீங்க? மேல போய்ப் பார்த்தேன்னு சொல்லுங்க! நீங்க புது ஆளு, உங்களுக்கு இன்னும் ஒரு தடவை இருக்கு."

"நான் பார்க்கலையேம்மா."

படுக்கையிலிருந்து மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, எனக்காக ஒரே ஒரு பொய். ஊதிக் குடுத்துட்டு வாங்க."

அவன் மாவு படிந்த கையோடு மேடேறினான்.

புதிய பதிவாளர் மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார், கனிவாகவே பேசினார். ரொட்டிக்காரனைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்து, மேஜை மேலிருந்த ஒரு பிளாஸ்டர் சிறகின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார். சிறகில் மாவு ஒட்டிக்கொண்டதால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். பிறகு காக்கை, கொக்கு, வௌவால், பட்டம், விமானம் என்று வரிசையாகப் படங்களைக் காட்டி, "இதுவா? இதுவா?" என்று கேட்டார். ரொட்டிக்காரன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அதுவரை எல்லாமே உண்மை என்பதால் தடுமாறாமல் சொன்னான்.

அப்புறம் தலைவர் வந்து உட்கார்ந்தார்.

"எங்கே பார்த்தீர்கள்?"

"வானத்துல சார்."

"எத்தனை இறக்கை?"

"ரெண்டு சார். சார், வீட்டுல என் சம்சாரம்..."

"வால்?"

இந்தக் கேள்வியைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. பழைய பதிவாளர் வால்வரைக்கும் போனதே கிடையாது. பறவை என்றால் வால் இருக்கும் என்று நினைத்து, "நீளமா இருந்துச்சு," என்றான்.

அறையில் பேனாக்கள் நின்றன. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுவரை ஒரு பதிவில்கூட வால் கிடையாது. ஒன்று, நீங்கள் சொல்வது பொய். அல்லது இது வேறொரு இனம். வேறு இனம் என்றால் அதற்குத் தனி ஆணையம் வேண்டும்."

"அப்போ வால் வேண்டாம் சார். எடுத்துடுங்க."

"சாட்சியம் என்ன ரொட்டியா, கருகின பக்கத்தை வெட்டி எறிய?"

அவனை முற்றத்துக்கு அழைத்துப்போனார்கள். பெருஞ்சிறகன் எப்படிப் பறந்தது என்று படிக்கட்டிலிருந்து கையை விரித்து இறங்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். வேகம் அதிகம் என்றார்கள். மறுபடி மெதுவாக இறங்கினான். அசைவில் கம்பீரம் போதவில்லை என்று ஒரு உறுப்பினர் அபிப்பிராயப்பட்டார். இன்னொருவர், முழங்கை மடங்கலாமா கூடாதா என்று விவாதம் கிளப்பினார். கீழே துறையில் வெள்ளைப் படகு அசைந்துகொண்டு நிற்பது அந்தப் படிக்கட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கையை விரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்ற ரொட்டிக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சார், நான் எதையும் பார்க்கல. என் பெண்டாட்டிக்கு வயித்து வலி. சுருண்டு கிடக்கிறா. அந்தப் படகு சும்மாதானே நிக்குது? அதுல அவளை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் சார்."

தலைவர் படியேறி வந்து அவன் தோளில் கைவைத்தார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"நான் பதவியேற்ற பிறகு உண்மை பேசிய முதல் மனிதர் நீங்கள்தான். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தச் சீர்திருத்தமே. மிக்க நன்றி. படகு சாட்சிகளுக்கு மட்டும்தான். நீங்கள் போகலாம்."

"அப்போ... பார்த்தேன் சார்! பார்த்தேன்!"

"ஒரே நாளில் இரண்டு வாக்குமூலம் வாங்க முடியாது," என்றார் பதிவாளர் வருத்தத்தோடு. "உங்க மனுவை வாபஸ்னு போட்டுடறேன். நிராகரிப்புன்னு போடல. நாளைக்கு வாங்க."

மறுநாள் தலைவர் படகை எடுத்துக்கொண்டு, வால் விஷயமாக ஒரு நிபுணரைக் கலந்துபேச அக்கரைக்குப் போயிருந்தார். ரொட்டிக்காரன் ரொட்டி கொண்டுபோகும் தள்ளுவண்டியில் மெத்தையை விரித்து மனைவியைப் படுக்கவைத்து, துறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். படகு திரும்பியதும் படகோட்டியின் காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தான். வலைக்காரி ஒரு பக்கம் குடைபிடித்து நடந்தாள். சோடாக்காரர் வண்டியை மேடுபள்ளத்தில் தூக்கிவிட்டார்.

வெயிலில் காத்திருந்தார்கள். வலி திடீரென்று குறைந்துவிட்டதாக மனைவி சொன்னாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சோடாக்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படிக் குறைவது நல்லதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"வால் இருக்குன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள் மனைவி. சிரிக்கப் பார்த்தாள். "நான் போயிருக்கணும். நேத்து ரொட்டியை இன்னைக்கு ரொட்டின்னு எத்தனை பேர் தலையில கட்டியிருக்கேன். நான் போயிருந்தா இந்நேரம் அக்கரையில இருந்திருப்போம்."

"பேசாதேம்மா. படகு வந்துடும்."

"கடையைத் திறந்துபோட்டா வந்தீங்க?"

"பூட்டிட்டேன்."

"சரி," என்றாள். வெள்ளைப் படகு துறைக்குள் திரும்பியபோது அவள் அந்தப் பக்கம் பார்த்தபடிதான் இருந்தாள். ஆனால் பார்க்கவில்லை.

அடக்கத்துக்குத் தலைவர் தன் ஆட்களோடு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று சிறிது நேரம் பேசினார். "இன்னும் சில நாட்கள் இருந்திருந்தால், அம்மையாரே ஒரு நல்ல சாட்சியாக உருவாகியிருப்பார்கள்," என்றார். ரொட்டிக்காரன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவன் கடையில் கல்லா காலியாகவே இருந்தது. வருகிறவர்கள் காசைத் தட்டில் போட்டுவிட்டுத் தாங்களே ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். பழைய ரொட்டியை எடுத்தாலும் யாரும் கேட்கவில்லை. ஆணையத்துக்கும் வழக்கம்போல ரொட்டி போனது. மேட்டின் மேல் அவன் வாசலிலேயே கூடையை இறக்கிவைத்துவிட்டு வருவான்.

அந்த ஆண்டு தீவில் யாரும் பெருஞ்சிறகனைப் பார்க்கவில்லை. போனவர்கள் எல்லோரும் நிராகரிக்கப்பட்டார்கள். தாங்குகிற நோயை வீட்டிலேயே தாங்கினார்கள். தாங்காததற்கு மேட்டின் பின்பக்கம் இடுகாட்டில் இடம் இருந்தது.

இந்தச் சமயத்தில் தலைநகரிலிருந்து தகவல் வந்தது. ஓராண்டாக ஒரு நேர்காட்சிகூட இல்லாத ஆணையம் எதற்கு என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்களாம். ஒரு மேற்பார்வையாளர் நேரில் வந்து பொது விசாரணை நடத்தி, ஆணையம் இருக்கலாமா கலைக்கலாமா என்று முடிவு செய்வார். பதிவாளர் அன்று மாலையே கடைக்கு வந்து, கேட்காமலே நான்கு ரொட்டி வாங்கினார்.

"தலைவர் உங்க வாலை மறுபரிசீலனை பண்ணிக்கிட்டு இருக்கார்," என்றார். "எங்ககிட்ட மனு குடுத்ததுல நிராகரிக்கப்படாத ஆளு நீங்க ஒருத்தர்தான், உங்களுது வெறும் வாபஸ். விசாரணைக்கு அவசியம் வரணும். வந்து நீங்க பார்த்ததைச் சொல்லணும்."

"வர்றேன் சார். பார்த்ததைத்தான் சொல்லப் போறேன்," என்றான் ரொட்டிக்காரன்.

என்ன சொல்லப் போகிறான் என்பதைச் சோடாக்காரரிடம் மறைக்கவில்லை. பறவையும் இல்லை, இறகும் இல்லை. படகுக்காகத் தீவே பொய் சொன்னது. அந்தப் பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாததால் என் மனைவி செத்தாள். இதை மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லி அந்தக் கட்டடத்தை இழுத்து மூடவைப்பேன் என்றான். சோடாக்காரர் குடித்த சோடாவைப் பாதியில் வைத்தார்.

"மூடிடுவாங்க தம்பி. கண்டிப்பா மூடிடுவாங்க. அதோட படகையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. யோசிச்சியா?"

"படகு இருந்து யாரு ஏறினாங்க ஐயா?"

"இந்தத் தலைவர் நாளைக்கு மாறுவார். தூங்குற ஆளு யாராவது மறுபடி வருவார். படகு போச்சுன்னா திரும்பி வராது."

"உண்மையைச் சொன்னா ஒரு ஆஸ்பத்திரி கட்ட மாட்டாங்களா?"

"யாருக்கு? கவர்மெண்டையே ஏமாத்தின பொய்க்காரக் கூட்டத்துக்கா?"

"என் பெண்டாட்டி செத்துப் போயிட்டா ஐயா!" ரொட்டிக்காரன் கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"தெரியும் தம்பி. நானும்தானே வண்டியைத் தூக்கினேன்," என்றார் சோடாக்காரர். "நான் இனிமே படுக்கப் போறவங்களைப் பத்திப் பேசறேன்."

வலைக்காரி தன் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாதம். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். வலை மடியில் நிற்காமல் வயிற்றின் மேலிருந்து சரிந்து சரிந்து விழுந்தது. அவள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டவள்.

ரொட்டிக்காரன் அவளைப் பார்த்தான். "நீ ஒண்ணும் சொல்லலையேம்மா."

"நான் என்னண்ணே சொல்றது? அண்ணி கண்ணை நான்தான் மூடினேன்," என்றாள் வலைக்காரி. "உங்களுக்கு எது சரின்னு படுதோ சொல்லுங்க. நான் குறுக்க வர மாட்டேன்."

அவள் குறுக்கே வந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

விசாரணை ஆணையத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. மேற்பார்வையாளர் ஒரு அம்மையார். வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தலைவர் எழுந்து ஆண்டறிக்கை வாசித்தார்.

"இந்த ஓராண்டில் ஒரு பொய்ச் சாட்சிகூட எங்களைத் தாண்டிப் படகேறவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். உண்மைச் சாட்சியும் ஏறவில்லை. இதைவிட எங்கள் கண்டிப்புக்கு என்ன ஆதாரம் வேண்டும்? படகுக்கு எரிபொருள் மிச்சம். அந்த மிச்சத்தில் கூடத்துக்கு வர்ணம் அடித்தோம். மேலும், பெருஞ்சிறகன் உண்மையில் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆணையம் இருக்கிறது. இல்லாத ஒன்றுக்கு அரசாங்கம் ஆணையம் வைக்குமா?"

அம்மையார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு அறிக்கை வேண்டாம். பார்த்தவங்க யாராவது இருந்தா எழுந்து சொல்லுங்க. இல்லைன்னா நான் எழுதிட்டுக் கிளம்பறேன்."

ரொட்டிக்காரன் எழுந்தான். பல மாதமாக மனதில் உருட்டி வைத்திருந்த வாக்கியங்கள் நாக்கு நுனியில் இருந்தன. அந்தச் சமயத்தில் பின்வரிசையில் ஒரு முனகல் கேட்டது. வலைக்காரி முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் காலடியில் தரை நனைந்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன் அம்மா," என்றான் ரொட்டிக்காரன்.

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பேனாக்கள் திறந்தன.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார் அம்மையார்.

"ரொம்பப் பெருசு. மேட்டு மேல உட்கார்ந்திருக்கும். இறக்கை இருக்கு, ஆனா அது பறந்து நான் பார்த்ததில்ல. கீழ இறங்கி வராது."

"வால்?" என்றார் தலைவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"வால் இல்லை சார். பின்னால எப்பவும் நாலு பேர் நிப்பாங்க. அதனால தெரியாது."

"குரல் எப்படி?"

"நல்ல கனமான குரல். நிறுத்தாமக் கூவும். நாம கத்தினா மட்டும் அதுக்குக் கேட்காது. கழுத்து நல்லா அசையும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இல்லை இல்லைங்கிற மாதிரி."

"என்ன தின்னும்?"

"நான் சுடுற ரொட்டியைத்தான்."

சோடாக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்தார். "இவ்வளவு நெருக்கமாக இதுவரை எவரும் பார்த்ததில்லை!" என்றார்.

"ஆமா சார். ரொம்ப நெருக்கத்துல பார்த்தேன்."

அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார். "யாருக்காவது தீங்கு பண்ணிச்சா?"

பின்வரிசையில் முனகல் பெரிதானது.

"வேணும்னு பண்ணல அம்மா," என்றான் ரொட்டிக்காரன்.

மேற்பார்வையாளர் மறுபடி தாளின் பக்கம் குனிந்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பதை ஊர் பிற்பாடு பல நாள் பேசித் தீர்க்கவில்லை. கடைசியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆணையம் தொடரும். சாட்சியை உடனே அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும்.

"துணைக்கு யாரு?" என்று கேட்டார் பதிவாளர்.

"அவங்க," என்று ரொட்டிக்காரன் வலைக்காரியைக் காட்டினான்.

"என்ன உறவு?"

"என் தங்கச்சி."

வலைக்காரியைத் தள்ளுவண்டியில் ஏற்றித்தான் துறைக்குக் கொண்டுவந்தார்கள். பாதைக்கு அதைவிட்டால் வேறு வண்டி இல்லை. ரொட்டிக்காரன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறைகூடக் கீழே பார்க்காமல் தள்ளினான். படகில் ஏறி உட்கார்ந்தபோதுதான், அந்த இருக்கைகள் எவ்வளவு மெத்தென்று இருக்கின்றன என்று அவனுக்குத் தெரிந்தது. நீரோட்டத்தைப் படகு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தாண்டியது. இவ்வளவு சீக்கிரமாகவா அக்கரை வந்துவிடும் என்று அவன் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு ஓசையில்லாமல் அழுதான். எஞ்சின் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. வலைக்காரி மட்டும் வலிக்கு நடுவில் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். அவனை ஒரு அறையில் உட்காரவைத்துச் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரைக்கும் படித்தான். கண் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லையே," என்றார்.

"தெரியும் டாக்டர்," என்றான்.

வெளியே வந்தபோது ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். ஆண் குழந்தை. தாய் நலம், தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள்தானே அண்ணன் என்றாள். மாவு பிசைந்து காய்த்துப்போன கையில் அது கனமே இல்லாமல் கிடந்தது.

படகில் கூடவே வந்திருந்த ஆணையத்தின் பதிவாளர் நடையில் அவனுக்காகக் காத்திருந்தார். பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து, குழந்தையின் முகத்தை ஆர்வத்தோடு எட்டிப்பார்த்தார்.

"தலைவர் விசாரிக்கச் சொன்னார். நேர்காட்சி நடந்த கூடத்துலேயே வலி ஆரம்பிச்சதால, இதையும் பதிவு பண்ணலாமான்னு ஒரு யோசனை. குழந்தை கண்ணு திறந்துச்சா?"

"இன்னும் திறக்கல சார்," என்றான் ரொட்டிக்காரன், துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டே. "எப்படியும் அந்தத் தீவுலதானே வளரப்போறான். ஒரு நாள் பார்த்தேன்னு சொல்லத்தான் போறான். அதுவரைக்கும் தூங்கட்டும்."